முடக்கு வீட்டின் முறை

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ்கள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால் பதினைந்து வீடுகள் கொண்ட ஒரு வளவு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வாசலிலேயே வாயை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும், ஏனென்றால் அந்த வளவின் காற்றில் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் நிற்கும், இரண்டு குரல்கள் ஒன்றாகக் கிளம்பினால் இரண்டுமே கீழே விழுந்துவிடும்.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் அடங்கிய வீட்டு வரிசை. இந்த வரிசை நேராகப் போகாமல் பாதியில் ஒடிந்து திரும்பும். தெருவாசல் பக்கம் ஏழு வீடு, கிணற்றுப் பக்கம் ஏழு வீடு, ஒடிந்து திரும்பும் முடக்கில் எட்டாவதாக ஒரே ஒரு வீடு. வாசல் பக்கத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கிணற்றுப் பக்கத்துக்குக் கேட்காது, கிணற்றுப் பக்கத்தில் ஒப்பாரியே வைத்தாலும் வாசல் பக்கத்துக்குத் தெரியாது, முடக்கு வீட்டுக்கு மட்டும் இரண்டும் கேட்கும், அங்கே பேசுவதும் இரண்டு பக்கத்துக்கும் கேட்கும். அந்த வீட்டில் உலகம்மாள் தன் மகள் பிரமுவோடு இருந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மருந்து வைக்காத குச்சிகளைச் சாக்கு சாக்காக வாங்கிவந்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டைகளில் அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. கை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்காத பெண் அவள், இரண்டு பக்கத்துச் சேதிகளையும் அங்கிட்டும் இங்கிட்டும் மாற்றி மாற்றிச் சொல்லி, அந்த வளவையே ஒரு நூலில் கட்டி வைத்திருந்தவள்.

பிரமுவுக்கு ஆறு வயது நடந்தபோது, ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை அது தொடங்கியது. கொடியில் காய்ந்த சேலையை யார் தள்ளிப் போட்டது என்று இரண்டு பெண்கள் வழக்கம்போலச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேசியவரை கேட்டது, மற்றவள் குறுக்கே வாயைத் திறந்ததும் இருவர் உதடும் அசைந்ததே தவிரச் சத்தத்தைக் காணோம், காலடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. கிணற்றுத் தண்ணீரில் கோளாறு என்றார் ஒருவர், பக்கத்தில் புதிதாக வந்த மாவு மில்தான் காரணம் என்றார் இன்னொருவர், மூன்றாம் வாரம் காரணத்தைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது. குழாயில் தண்ணீர் வந்தால் எப்படிக் கூப்பிட்டுச் சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கவலையாக இருந்தது. காலையில் எழுந்து வாசல் தெளிக்கிறவர்கள், கூடவே விழுந்த சொற்களையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார்கள்.

முதலில் எழுதிக் காட்டிப் பார்த்தார்கள். பேச்சில் வந்த கோபம் காற்றோடு போய்விடும், காகிதத்தில் வந்த கோபம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்துகொண்டு மறுமாசமும் வெளியே வந்தது, அதனால் காகிதத்தைக் கைவிட்டார்கள். தலையை ஆட்டிப் பார்த்தார்கள். நம் ஆட்கள் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் ஒரே மாதிரியாக ஆட்டுகிறவர்கள், இரண்டு சம்பந்தம் முறிந்தது, தலையையும் கைவிட்டார்கள். பிறகு எந்த இடத்தில் காற்று காலியாக இருக்கிறதோ அங்கே போய்ப் பேசினார்கள், ஒரே நாளில் பன்னிரண்டு பேர் கிணற்றடியில் கூடி ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள், ஒரு கிழவரின் இடுப்பு பிசகியது. அதன்பிறகுதான், அவரவர் வாசற்படியில் நின்று வாயால் சொன்னதே சொல், ரோட்டில் சொன்னதும் அடுத்த வீட்டு வாசலில் சொன்னதும் வளவுக்குச் செல்லாது என்று முடிவாயிற்று. நியாயமான முடிவுதான். அதை மறுத்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

பேசும் முறையை வகுத்துக் கொடுத்தவர் முதல் வீட்டுப் பலவேசம். தீப்பெட்டி ஆபீஸில் போர்மேனாக இருந்தவர், பிறத்தியார் பங்கில் ஒரு பருக்கை அதிகமாக எடுக்காத மனுஷன். வீட்டுக்கு ஒரு டப்பாவில் மருந்து வைக்காத குச்சிகளைப் போட்டுக் கொடுத்தார். பேச நினைக்கிறவர் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லையென்றால் கண்ணை மூடி டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு கிள்ளு குச்சி எடுக்க வேண்டும், எத்தனை வந்ததோ அத்தனையையும் மூச்சுக்கு ஒன்றாகக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து வரும், ஒருவருக்கு ஒன்பது வரும், ஐந்துக்காரர் முந்திக்கொள்வார். நடுவில் யாராவது பேசினால் கையிலிருக்கும் குச்சியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணலாம். இவ்வளவுக்கும் மேலே இரண்டு சொற்கள் மோதி விழுந்தால், மோதியவர்கள் அடுத்த முறை இரண்டு கிள்ளு எடுக்க வேண்டும், மறுபடியும் விழுந்தால் நாலு, பிறகு எட்டு, இப்படி இரட்டித்துக்கொண்டே போய் ஒரு சாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். சொல் நின்றுவிட்டால் பழையபடி ஒரு கிள்ளு.

ஒரு மாதத்தில் வளவு அழகாகப் பேசக் கற்றுக்கொண்டது. பட்டணத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள், இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்ளும் சனங்களைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காற்று வீணாகக் கூடாது என்று, சம்மதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, மறுப்பு இருந்தால் மட்டும் சொன்னால் போதும் என்று இன்னொரு பழக்கத்தையும் வைத்துக்கொண்டார்கள். கேட்க வேண்டியதை மூன்று காலை தன் வாசலில் நின்று கேட்பது, மறுப்பு வராவிட்டால் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது, காரியம் நடந்து முடியும்வரை மறுக்க நினைப்பவர் மறுக்கலாம் என்று விட்டுவைப்பது. இன்னும் கொஞ்ச நாளில், சொல்லி வைத்தாற்போல ஒரு நம்பிக்கையும் வந்து சேர்ந்தது. நின்ற சொல் மனதிலிருந்து வந்த சொல், விழுந்த சொல் மேலுக்குச் சொன்ன சொல் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, எட்டாம் வீட்டைத் தவிர. வாசல் பக்கத்து ஏழு வீட்டார் தங்களுக்குள் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்காமல் முறை தவறாமல் பேசினார்கள். கிணற்றுப் பக்கத்து ஏழு வீட்டாரும் அப்படியேதான். ஆனால் இவர்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது, அவர்கள் பேசுவது இவர்களுக்குக் கேட்காது, இவர்கள் ஓய்ந்த நேரம் அவர்கள் பேசினார்கள், அவர்கள் ஓய்ந்த நேரம் இவர்கள் பேசினார்கள், இரண்டு பக்கமும் ஒன்றாகப் பேசியபோது இரண்டு குரலும் முடக்கில் வந்து மோதி உலகம்மாளின் வாசலில் உதிர்ந்தன. அவள் காதுக்குக் காற்று காலியாக இருந்த நேரம் என்று ஒன்று கிடையாது. ஒரு கிள்ளு குச்சி எடுத்தால் இரண்டை வைப்பதற்குள் யாராவது பேசுவார்கள், மூன்றாவது குச்சியைக் காதில் செருகிக்கொண்டு உலை வைத்து, சோறு வடித்து, நாலு கட்டை அடுக்கி முடித்தாலும் அது காதிலேயே இருக்கும். எப்படியோ எண்ணித் தீர்த்து வாயைத் திறந்தால் கிணற்றடியிலிருந்து யாராவது அதே நொடியில் திறப்பார்கள், சொல் விழும். இரண்டு கிள்ளு, நாலு, எட்டு என்று போய், அந்த வளவிலேயே ஒரு சாக்கை எட்டியவள் உலகம்மாள் ஒருத்திதான். சொல் நின்றவர்களுக்கு ஒரு கிள்ளு, அதனால் அவர்கள் சொல் மறுபடியும் நின்றது. இவளுக்குச் சாக்கு, அதனால் இவள் முறை வரவே இல்லை.

காதோடு காதாகக் குசுகுசுத்தாலும் விழுந்துவிடும், காற்றுக்குச் சின்னச் சொல், பெரிய சொல் என்ற வித்தியாசம் இல்லை. ராத்திரியில் பேசலாம் என்றால், பகலில் முறை கிடைக்காத அத்தனை பேரும் ராத்திரிக்கென்று சேர்த்து வைத்திருந்தார்கள். முடக்கில் விழும் சொற்களை எட்டாம் வீடே கூட்டட்டும் என்று கேட்டார்கள், எட்டாம் வீட்டிலிருந்து மறுப்பு வரவில்லை. பொதுக் கக்கூஸின் சாவி அங்கேயே இருக்கட்டும் என்றார்கள், மறுப்பு வரவில்லை. கிணற்றடியில் பாசி தேய்ப்பது, வெளியூர் போகிறவர்களின் கோழிக்குத் தீனி போடுவது, பன்னிரண்டாம் வீட்டுச் சங்கரவடிவுக்கு மூட்டுவலி நாட்களில் குடம் சுமப்பது எல்லாம் இப்படி வந்து சேர்ந்தவைதான். உலகம்மாள் மாதிரி ஒரு தங்கமான மனுஷி உண்டுமா என்று இரண்டு பக்கமும் புகழ்ந்தார்கள், அந்தப் புகழ்ச்சியும் பாதி முடக்கில் விழுந்தது.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது பிள்ளையோடு பேச முடியாததுதான். சோறு போதுமா, தலை வலிக்கிறதா, பாவாடை எங்கே கிழிந்தது என்று ஒரு வார்த்தை கேட்க முடியாமல் நாலு வருஷம். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் கால்மணி நேரமும் கூட்டிவரும் கால்மணி நேரமும் மட்டும் அவர்களுக்கு ரோடு கிடைத்தது. வளவின் வாசலைத் தாண்டியதும் உலகம்மாள் மடை திறந்த மாதிரி பேசத் தொடங்குவாள், நேற்றிலிருந்து தொண்டையில் அடைத்து நின்ற அத்தனையையும் ஒன்று விடாமல் கொட்டுவாள், மூச்சு வாங்கக்கூட நிற்க மாட்டாள், நின்றால் பள்ளிக்கூடம் வந்துவிடும். பிரமு கையைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தபடி, ம், ம் என்று நடந்து வருவாள். பிள்ளை இவ்வளவு அமைதியாகக் கேட்கிறதே என்று உலகம்மாளுக்குப் பெருமை.

சாயந்தரங்களில் பிரமு முதல் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பலவேசத்தின் மனைவி கோமதிக்கு, கோமு என்று கூப்பிடுவார்கள், நாற்பத்தாறு வயதாகியும் பிள்ளையில்லை. தெருவாசல் பக்கத்துக் கடைசியில் காற்று அவ்வளவு நெருக்கமாக இல்லை, போதாததற்குக் கோமு தன் முறை வரும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாள், பிரமு அந்த இடைவெளியில் தன் கதையைச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், கணக்கு டீச்சர் எப்படித் தும்முவார், கனவில் வந்த மாட்டுக்கு எத்தனை கொம்பு என்று எல்லாம் சொல்வாள். உலகம்மாள் முடக்கில் நின்று, மகள் வாய் ஓயாமல் அசைவதைத் தூரத்திலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். வருத்தமும் பட்டாள், அதை மறைப்பானேன்.

பிரமுவுக்குப் பத்து முடிந்த மார்கழியில், பலவேசம் தை பிறந்ததும் வேலையிலிருந்து நின்று, பம்பாயில் தம்பியோடு போய் இருக்க முடிவு செய்தார். அங்கே ஓர் அறைதான், அதில் ஏற்கெனவே ஆறு பேர், பிள்ளை ஒன்று கூடுதலாகப் படுக்க இடமிருக்கும் என்று கடிதம் வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, குழாயடியில் எல்லோரும் குடத்தோடு நிற்கும் நேரம், கோமு தன் வாசற்படியில் நின்று, குச்சி எண்ணி, எட்டாம் வீட்டுப் பிள்ளையைத் தங்களோடு கூட்டிப்போய்ப் படிக்க வைக்க ஆசைப்படுவதாகவும், பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் அது ஊமையாகிப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றும் சொல்லிச் சம்மதம் கேட்டாள். குரல் தழுதழுத்தது, ஆனால் தெளிவாக நின்றது. உலகம்மாள் கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து சாக்கைப் பிரித்தாள். கோமு செவ்வாய்க்கிழமையும் கேட்டாள், புதன்கிழமையும் கேட்டாள். எட்டாம் வீட்டிலிருந்து மறுப்பு வரவில்லை.

வியாழக்கிழமை ரேஷன் கடை வரிசையில் உலகம்மாள் கோமுவைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைத் தர முடியாது என்று சொன்னாள், நல்ல மனசோடு கேட்டது தெரியும், ஆனாலும் முடியாது என்று சொன்னாள். கோமு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை ரோட்டுல வச்சுச் சொல்லுதியே உலகு. மூணு நாளா உன் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

"வாயைத் தொறக்கத்தான் செஞ்சேன்க்கா. நிக்க மாட்டேங்குது."

"மனசுல இருந்தா நிக்கும்டி. எனக்கு நிக்கலியா? பிள்ளைக்கு இதுதான் நல்லதுன்னு உனக்கே உள்ளுக்குள்ள தெரியப் போயித்தான் வாய் வர மாட்டேங்குது."

அவள் ஏமாற்றுக்காரியில்லை, தான் சொன்னதை முழுசாக நம்பினாள். இனி அவளிடம் பேசிப் பயனில்லை என்று உலகம்மாள் பலவேசத்திடம் போனாள். முடக்கில் காற்று காலியாவதே இல்லை என்று ஆபீஸ் வாசலில் நின்று அவரிடம் விவரமாகச் சொன்னாள். நியாயஸ்தர் அல்லவா, சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பலவேசம் முடக்கில் வந்து நின்று காற்றைச் சோதிக்கப்போகிறார் என்ற சேதி இரண்டு பக்கமும் போயிற்று. அவரும் வந்தார், வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காதைத் தீட்டினார். சோதனை நடக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்று வாசல் பக்கமும் மூச்சு விடவில்லை, கிணற்றுப் பக்கமும் மூச்சு விடவில்லை. நாலு வருஷத்தில் முதல்முறையாக முடக்கில் காற்று துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. உலகம்மாள் பாய்ந்து சாக்குக்குள் கையை விட்டு எண்ணத் தொடங்கினாள், மூச்சுக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று, மூச்சைச் சின்னதாக்கி எண்ணினாள், இரைக்க இரைக்க எண்ணினாள். முந்நூறைத் தாண்டும்போது பலவேசம் தொண்டையைச் செருமினார்.

"காத்து சுத்தமாத்தான் இருக்கு தாயி. நீ முறைப்படி எண்ணிச் சொல்லு, உன்னை யாரும் மறிக்கல" என்றார், சொல் கணீரென்று நின்றது. அவர் திரும்பி நடந்ததும் இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்துவிட்டது.

அதன்பிறகு ரோட்டில் கிடைத்த கால்மணி நேரங்களில் உலகம்மாள் அதையேதான் பிரமுவிடம் பேசினாள். உன்னைத் தரமாட்டேன், பயப்படாதே, எப்படியாவது ஒரு சொல்லை நிறுத்திக் காட்டுகிறேன், நீ இல்லாமல் நான் இருப்பேனா, நான் யாருக்காகக் கட்டை அடுக்குகிறேன் என்று போகும்போதும் சொன்னாள், வரும்போதும் சொன்னாள். பிரமு ம் என்றாள். ஒரு தடவை நடப்பதை நிறுத்திவிட்டு, அம்மா என்று ஏதோ ஆரம்பித்தாள். மணி அடித்துவிடும், நட நட என்று உலகம்மாள் இழுத்துக்கொண்டு போனாள்.

தை பிறந்து, கிளம்பும் நாள் வந்தது. மத்தியானம் ரயில். காலையிலேயே கோமு வந்து பிள்ளைக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, புதுப் பாவாடையும் போட்டுவிட்டுப் போனாள். பிள்ளையின் தகரப்பெட்டி முதல் வீட்டுக்குப் போய்விட்டது. வளவின் படியைப் பிள்ளை தாண்டும்வரை மறுக்கலாம். உலகம்மாள் விடியற்காலையிலிருந்து வாசற்படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். சங்கரவடிவு மூட்டுவலியைச் சொன்னாள், நின்றது. மூன்றாம் வீட்டில் பால் திரிந்ததைச் சொன்னார்கள், நின்றது. இவள் குச்சியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். வெயில் முற்றத்துக்கு வந்தபோது சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், கால்வாசிகூடக் குறையவில்லை, இந்தக் கணக்கில் போனால் ரயில் பம்பாய்க்கே போய்ச் சேர்ந்தபிறகுதான் அவளுக்கு முறை வரும்.

அப்போதுதான் உலகம்மாள் சாக்கைக் காலால் தள்ளினாள். குச்சியெல்லாம் முற்றத்தில் ஓடிப் பரந்தது. எழுந்து நின்று, காது கொடுக்காமல், எண்ணாமல், "தரமாட்டேன்" என்றாள்.

அப்படிச் செய்யக் கூடாது என்று யாரும் தடுத்து வைக்கவில்லை, அதற்குத் தண்டனை என்று எதுவும் இல்லை, நாலு வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சொல் விழுந்தது. ஆனால் அதே நேரம் பேசிக்கொண்டிருந்த மூன்றாம் வீட்டுக்காரியின் சொல்லும் விழுந்தது, சங்கரவடிவின் சொல்லும் விழுந்தது. அவர்கள் ஒழுக்கமான சனங்கள், ஆளுக்கு இரண்டு கிள்ளு எடுத்து எண்ணத் தொடங்கினார்கள். உலகம்மாள் எண்ணவில்லை. மறுபடியும் தரமாட்டேன் என்றாள், மறுபடியும், மறுபடியும், வாசல் பக்கம் ஒரு வீடும் கிணற்றுப் பக்கம் ஒரு வீடுமாக வாயைத் திறந்தவர்கள் அத்தனை பேருக்கும் சொல் விழுந்தது, நாலு கிள்ளு எடுத்தார்கள், எட்டு எடுத்தார்கள், பதினாறு எடுத்தார்கள், டப்பா காலியானவர்கள் அவளுடைய முற்றத்துக்கே வந்து, சிந்திக் கிடந்த குச்சிகளை மடியில் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் வாசலில் உட்கார்ந்து எண்ணினார்கள். அரைமணி நேரத்தில் பதினாலு வீடும் தலையைக் குனிந்து மூச்சுக்கு ஒரு குச்சி வைத்துக்கொண்டிருந்தது. வளவு முழுக்கக் காற்று காலியாக, ஒரு குரல் இல்லாமல், அவளுக்காகக் கிடந்தது.

உலகம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, "தரமாட்டேன்" என்றாள்.

சொல் விழுந்தது.

அவளுக்குப் புரியவில்லை. முதல் வீட்டைப் பார்த்தாள், பலவேசம் உதட்டை இறுக்கிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார், கோமுவும் அப்படியே. கிணற்றுப் பக்கத்தைப் பார்த்தாள், சங்கரவடிவு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் சொன்னாள், இன்னொரு தரமும் விழுந்தது. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாரோ கூடவே திறக்கிறார்கள், அவளைப் போலவே எண்ணாமல். தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். அதே வாசற்படியில், அவளுக்குப் பின்னால், சிவப்பு ரிப்பனோடு பிரமு நின்றுகொண்டிருந்தாள், கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கத்துகிறாளோ, காலைச் சுற்றிச் சொல் பொடியாகக் குவிந்திருந்தது.

வாயசைவைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வித்தை உலகம்மாளுக்குத் தெரியும், நாலு வருஷமாக அதுதானே பிழைப்பு. ஆனாலும் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது என்பதுதான் சரி. இன்னும் நாலு தரம் தரமாட்டேன் என்று சொன்னால் போதும், பத்து வயசுத் தொண்டை எவ்வளவு நேரம் தாங்கும், பிள்ளை ஓய்ந்துவிடும், அதற்குப் பிறகு சொல்கிற சொல் நிற்கும், பிள்ளை வீட்டிலேயே இருக்கும். பள்ளிக்கூடத்து ரோட்டிலும் பிள்ளை அப்படித்தான் ஓய்ந்துபோயிருக்கிறது, இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. திறந்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை எடுக்கவில்லை.

"நான் போறேம்மா" என்றாள் பிரமு. கரகரத்துப்போன குரல்தான், ஆனால் முதல் வீட்டுக்கும் பதினைந்தாம் வீட்டுக்கும் கேட்டது. "எனக்கும் பேசணும்மா."

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கையிலிருந்த குச்சியைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து எட்டாம் வீட்டைப் பார்த்தார்கள். காற்று அப்படியே காலியாக இருந்தது. மறுப்பு என்ற ஒரே ஒரு சொல்லுக்காக அவள் நாலு வருஷம் எண்ணியிருக்கிறாள், அது தொண்டையில் தயாராக நின்றது, சொன்னால் நிற்கும், யாரும் தாண்ட முடியாது, கோமு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். சும்மா இருந்தாலும் போதும், அந்த வளவில் சம்மதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உலகம்மாள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள், பிள்ளையின் ரிப்பனை ஒரு பக்கம் இழுத்துச் சரிசெய்தாள்.

"போயிட்டு வா, தாயி" என்றாள்.

எட்டாம் வீட்டுக்காரியின் குரல் இவ்வளவு கனமாக இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது என்று சங்கரவடிவு பிற்பாடு சொன்னாள். பிரமு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், பிறகு விட்டாள், வாசல் பக்கத்து ஏழு வீட்டையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு படியைத் தாண்டினாள். தாண்டியதும் ரோட்டில் அவள் பேச ஆரம்பித்தது முடக்கிலிருந்து பார்க்கத் தெரிந்தது, கை இரண்டையும் ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல், பலவேசமும் கோமுவும் மாறி மாறிக் குனிந்து கேட்க. உலகம்மாள் கண்ணுக்கு மறையும்வரை அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிணற்றுப் பக்கத்தில் யாருக்கோ குச்சி தீர்ந்தது, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னார்கள்.